எந்த சப்மரைனர் உங்கள் கையில் இருக்கிறது? பிரித்தறியும் முறை

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் சபராளியாக, அதாவது பொருள் தேடி வெளிநாடு, போய்வந்தவர்களின் வீடுகளில், பீரோவின் உள்ளறையில் துணி சுற்றி வைத்த ரோலெக்ஸ் சப்மரைனர் (நீரில் மூழ்குவோருக்கென்று செய்த கைக்கடிகாரம்) ஒன்று இருப்பது அபூர்வமன்று. "வாப்பா துபாயில் வாங்கியது, ஒரிஜினல்" என்பதோடு பிள்ளைகளின் தகவல் முடிந்துவிடும். ஆனால் விற்கும்போதும், பாகம் பிரிக்கும்போதும், பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் அந்த ஒரு வார்த்தை போதாது. அது எந்த சப்மரைனர் என்பதை வைத்தே விலையும், மாற்ற வேண்டிய உதிரிப்பாகமும், தண்ணீரில் இறக்கலாமா என்பதும் முடிவாகும். 1953இல் தொடங்கிய இந்த வரிசையில் கருப்பு டயல், கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் பெசல் வளையம், மூன்று முட்கள் என்ற முகம் அதிகம் மாறாததால், இருபது ஆண்டு இடைவெளியில் செய்யப்பட்ட இரண்டு கடிகாரங்கள்கூட மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

நிறத்தை வைத்துத் தொடங்காதீர்கள், எண்ணை வைத்துத் தொடங்குங்கள். செயினைப் பிடித்திருக்கும் நான்கு நீட்சிகளில், அதாவது லக்குகளில், பன்னிரண்டு மணிப் பக்கத்து இரண்டுக்கும் இடையே மாடல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய கடிகாரங்களில் ஆறு மணிப் பக்கத்தில் தொடர் எண்ணும் இருக்கும். இது 2000களின் நடுவிலிருந்து கண்ணாடிக்கு உட்புற விளிம்பில் பொறிக்கப்பட்டு, பிறகு அங்கே மட்டுமே நிலைத்தது. மாடல் எண்ணைப் பார்க்கச் செயினைக் கழற்றியாக வேண்டும். நம் கரையில் வியர்வையும் உப்பும் சேர்ந்து அந்த இடுக்கில் கெட்டியாகப் படிந்திருப்பதால், எண் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டும் முன், சோப்பு நீரில் நனைத்த மென்மையான பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். திருகு சாவி, அதாவது நேரம் திருத்தும் பக்கவாட்டுக் குமிழ், முழுதும் உள்ளே முடுக்கப்பட்டிருக்க வேண்டும். நாள்பட்ட கடிகாரமானால் ஈரத் துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம். எண்ணைச் சுரண்டியது போன்ற கீறல் அங்கே தெரிந்தாலே வாங்குபவர் சந்தேகப்படுவார்.

எண்ணின் இலக்கங்கள் பெருகப் பெருகக் காலம் இறங்கி வரும் என்று பொதுவாகக் கொள்ளலாம். நான்கு இலக்கமானால் 1980களின் இறுதிக்கு முற்பட்டது. ஐந்து இலக்கமானால் 1970களின் இறுதி முதல் 2010 வாக்கிலானது. ஆறு இலக்கமானால் அதற்குப் பிற்பட்டது (தங்க மாடல்களில் ஆறிலக்க எண் 2008இலேயே வந்துவிட்டது). ஐந்து, ஆறு இலக்க எண்களில் கடைசி இலக்கம் உலோகத்தைச் சொல்லும்: 0 என்றால் எஃகு, 3 என்றால் எஃகும் மஞ்சள் தங்கமும், 8 என்றால் மஞ்சள் தங்கம், 9 என்றால் வெள்ளைத் தங்கம். வெள்ளைத் தங்கத்தை எஃகு என்று நினைத்து எஃகின் விலைக்குக் கொடுத்துவிடும் ஆபத்து உண்மையானது. கையில் எடுத்தால் கனமே காட்டிக்கொடுக்கும்.

எண் தெரிந்தபின் மற்ற உறுப்புகளை அந்த எண்ணோடு ஒத்துப்பாருங்கள். நான்கு இலக்கத்தில் நம் பக்கம் வரக்கூடியவை பெரும்பாலும் 5513உம் 1680உம்தான். 5513இல் தேதி கிடையாது. 1680தான் தேதியோடு வந்த முதல் சப்மரைனர். இரண்டிலும் கண்ணாடி அக்ரிலிக், டயலில் 660 அடி, 200 மீட்டர் என்று ஆழம் எழுதியிருக்கும், பெசல் இருபுறமும் சுழலும். 1680இன் தொடக்ககால டயல்களில் சப்மரைனர் என்ற சொல் மட்டும் சிவப்பு மையில் இருக்கும். 1970களின் நடுவில் அது வெள்ளையானது. அந்த ஒரு சிவப்பு வரி விலையைப் பெரிதும் உயர்த்துவதால், வெள்ளை வரியின் மேல் சிவப்பு பூசி விற்கும் வேலையும் நடக்கிறது. பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரம் கலங்கித் தெரிந்தால் விலகிவிடுங்கள். 5512 என்பது 5513இன் அண்ணன். குரோனோமீட்டர் என்ற நேரத் துல்லியச் சான்றுபெற்ற 5512இல் டயலின் கீழ்ப்பாதியில் நான்கு வரி எழுத்து இருக்கும், 5513இல் இரண்டே வரி.

16800 வந்தபோது மூன்று மாற்றங்கள் சேர்ந்து வந்தன: கண்ணாடி சபையரானது, ஆழம் 1000 அடி, 300 மீட்டர் என்றானது, பெசல் இடப்பக்கமாக மட்டும் 'டிக் டிக்' என்று சுழலத் தொடங்கியது. தேதியை மாற்றும் விதமும் மாறியது. 1680இல் முட்களை நள்ளிரவைக் கடக்கச் சுற்றிச் சுற்றித்தான் தேதியை நகர்த்த முடியும். 16800இல் சாவியை ஒரு படி இழுத்துத் திருப்பினால் தேதி மட்டும் மாறும். (இந்தச் சோதனையை இரவு ஒன்பது மணிக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தை முட்கள் காட்டும்போது செய்ய வேண்டாம்.) 1980களின் இறுதியிலிருந்து 2010 வரை வந்த 16610, வெளித்தோற்றத்தில் பிற்கால 16800ஐ அப்படியே ஒத்திருக்கும், உள்ளே 3135 என்ற மெஷின் இருப்பதுதான் வேறுபாடு. ஆகவே இவ்விரண்டையும் பிரிக்க லக்குக்கு இடையிலுள்ள எண்ணைத் தவிர வேறு குறுக்குவழி தேடாதீர்கள். இதே காலத்துத் தேதியில்லாத கடிகாரம் 14060.

16610 இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய மாடல் என்பதால், அதற்குள்ளேயே காலத்தைப் பிரிக்க வேண்டியிருக்கும். டயலின் அடி விளிம்பில், ஆறு மணிக் குறிக்குக் கீழே, பொடி எழுத்தைப் படியுங்கள். 'ஸ்விஸ்' என்பதோடு 'டி' எழுத்தும் 25 என்ற எண்ணும் இருந்தால் டிரிடியம் என்ற, கதிரியக்கத்தால் ஒளிரும் பூச்சு. 1998 வாக்குக்கு முற்பட்ட டயல். 'ஸ்விஸ்' மட்டும் தனியே இருந்தால் அதையடுத்த ஓரிரு ஆண்டுகள். 'ஸ்விஸ் மேட்' என்றிருந்தால் அதற்குப் பின். டிரிடியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல் என்பதால், அந்த டயல்கள் இன்று இருட்டில் ஒளி தரமாட்டா. மின்சாரம் போன இரவில் மொட்டைமாடியில் வைத்துப் பாருங்கள்: 'டி' எழுத்துள்ள டயல் மணிக்கணக்கில் பச்சையாக ஒளிர்ந்தால், யாரோ பூச்சைப் புதுப்பித்திருக்கிறார்கள். நீல ஒளி வந்தால் அது 2008 முதல் வந்த பூச்சு. அது ஐந்து இலக்க எண்ணுள்ள கடிகாரத்தில் தெரிந்தால் டயலோ முட்களோ மாற்றப்பட்டவை. மாற்றப்பட்டது என்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது; நிறுவனத்தின் பழுதுபார்ப்பிலேயே புது டயல் போடுவதுண்டு. விலை குறையும், அவ்வளவுதான்.

பச்சை நிறத்தில்தான் குழப்பம் மிகுதி. சப்மரைனரின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2003இல் வந்த 16610எல்வி, கருப்பு டயலும் பச்சை அலுமினியப் பெசலும் கொண்டது. சேகரிப்பாளர்கள் கெர்மிட் என்பார்கள். 2010இல் வந்த 116610எல்வியில் டயலும் பச்சை, பெசலும் பச்சை. அதற்கு ஹல்க் என்று பெயர். 2020இல் வந்த 126610எல்வி மறுபடியும் கருப்பு டயலுக்குத் திரும்பியது. பெசல் பச்சை செராமிக். ஹல்க்கை யாரும் தவறவிடமாட்டார்கள். முதலாவதும் மூன்றாவதும்தான் மாறிப்போகும். பெசலைச் சாய்த்து வெயிலில் பிடியுங்கள்: செராமிக்கில் எண்கள் குழிந்து, கண்ணாடிபோல் பளபளக்கும் பரப்பின் அடியில் உட்கார்ந்திருக்கும், அலுமினியத்தில் எண்கள் பரப்போடு பரப்பாக இருக்கும், ஓரங்களில் சிராய்ப்பும் தெரியும். அடுத்து ஆறு மணிக்குக் கீழே பாருங்கள். 'ஸ்விஸ்', 'மேட்' என்ற இரு சொற்களுக்கு நடுவே பொடிக் கிரீடம் இருந்தால் 2020க்குப் பிந்தியது. அளவுகோலும் உதவும்: பழையவற்றில் லக்குகளுக்கிடையே 20 மில்லிமீட்டர், புதியதில் 21, உடலின் விட்டமும் 40இலிருந்து 41 ஆனது.

இன்னொரு பொறியும் உண்டு. சாதாரணக் கருப்பு 16610இன் அலுமினியத் தகட்டைப் பெயர்த்துப் பச்சைத் தகடு ஒட்டுவது ரிப்பேர்க் கடையில் சில நிமிட வேலை. உடலில் பொறித்த எண் இதைக் காட்டிக்கொடுக்காது. பெசலின் நிறத்தைக் குறிக்கும் எல்வி (பச்சை), எல்என் (கருப்பு) எழுத்துகளை உறுதிச்சீட்டில், அதாவது வாரண்டி கார்டில்தான் தேட வேண்டும். டயல்தான் சாட்சி. உண்மையான கெர்மிட்டின் மணிக்குறி வட்டங்கள் சாதாரண 16610இல் இருப்பவற்றைவிடப் பெரியவை, நிமிட முள்ளும் தடித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். வட்டங்கள் சிறிதாக, முள் மெலிந்து இருந்தால் பச்சை பின்னால் வந்தது.

பெசலின் வெளிறலைப் பற்றி இந்தக் கரைக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பல்லாண்டு வெயிலும் உப்புக் காற்றும் பட்ட அலுமினியத் தகடு, கருப்பானால் சாம்பலாகவும் நீலமானால் ஊதாவாகவும் மங்கும். அது குறையன்று, அதை விரும்பித் தேடுவோரும் உண்டு. ஆறு இலக்கச் செராமிக் பெசல் அப்படி மங்காது. மங்கியிருந்தால் அது செராமிக்கே அன்று.

ரோலெக்ஸின் இன்னொரு ஆழ்கடல் கடிகாரமான சீ-டுவெல்லரை சப்மரைனர் என்று சொல்லி விற்பதும் நடக்கும்: உடலின் ஒன்பது மணிப் பக்கத்தில் சிறு வட்டமான ஹீலியம் வால்வு (ஆழ்கடல் வேலையில் உள்ளே புகும் ஹீலியம் வாயுவை வெளியேற்றும் திறப்பு) இருந்தால் அது அநேகமாக சப்மரைனர் அன்று. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதபோது அந்த வால்வால் இங்கே யாருக்கு என்ன பயன் என்பது வேறு கதை. பின்மூடி கண்ணாடியாக இருந்து மெஷின் வெளியே தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், போலி. சப்மரைனரின் பின்மூடி மூடிய வெற்று உலோகமே.

மெஷினைப் பார்த்தே தீர வேண்டிய நிலை வந்தால், பின்மூடியின் பற்களுக்குப் பொருந்தும் சாவியுள்ள கடையில் மட்டும் திறக்கச் சொல்லுங்கள். மூடும்போது ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டு, நீர் அழுத்தச் சோதனையும் செய்து வாங்குங்கள். அந்தச் சோதனை முடியாத கடிகாரத்தோடு கடலில் மட்டுமல்ல, கிணற்றடியில்கூடக் குளிக்க வேண்டாம்.