படித்த துறையும் கிடைத்த வேலையும்: பெங்களூரில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருந்துகொண்டு, எந்தத் துறைக்கு எவ்வளவு வேலை என்று அறிய விரும்புவோர், முதலில் வேலையின்மை விகிதம் யாரைக் கணக்கில் கொள்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை நிலவரத்தை அறிய மத்திய அரசு 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வில் (PLFS), வேலை தேடாமலும் வேலைக்குத் தயாராக இல்லாமலும் வீட்டில் இருக்கும் பட்டதாரி அந்த விகிதத்துக்குள் வருவதே இல்லை. ஆகவே, பெண்கள் மிகுதியாகப் படிக்கும் துறைகளுக்குத் தொழிலாளர் பங்கேற்பு விகிதத்தையும் (வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதையும்) சேர்த்துப் பார்க்காவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

அடுத்து, கல்லூரியின் தரவு. மத்திய அரசின் தேசியத் தரவரிசைக்குக் (NIRF) கல்லூரிகள் அளிக்கும் அறிக்கையில் தேர்ச்சி பெற்றோர், வேலை பெற்றோர், மேற்படிப்புக்குச் சென்றோர் ஆகியோரின் எண்ணிக்கையும் இடைநிலைச் சம்பளமும் (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) இருக்கும். விளம்பரப் பலகையில் மின்னும் உச்சச் சம்பளத்தை ஒதுக்கிவிடுங்கள். அது யாரோ ஒரு மாணவருடையது. உதாரணமாக, 120 பேர் தேறி, 40 பேர் மேற்படிப்புக்குப் போய், 60 பேர் வேலை பெற்றிருந்தால், 60-ஐ மீதமுள்ள 80-ஆல் வகுப்பதே நியாயம். விடை 75 விழுக்காடு. முதுகலையை நாடும் இயற்பியல், கணித மாணவர்களுக்கு இந்தத் திருத்தம் இன்றியமையாதது. அறிக்கை துறைவாரியாகப் பிரிக்கப்படுவதில்லை என்பதால், அந்த விவரத்தைக் கல்லூரியிடமே கேட்டு வாங்க வேண்டும். தரத் தயங்கினால் அதுவும் ஒரு விடைதான்.

வேலை படிப்போடு பொருந்துகிறதா என்பது தனிக் கேள்வி. கட்டடப் பொறியியல் முடித்து ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் சோதிப்பவரும் வேலையில் உள்ளவரே. பீன்யா பட்டறையில் உலோகத்தை வடிவமைக்கும் அச்சுக்கருவி (டூல் அண்ட் டை) செய்யும் டிப்ளமோக்காரரோ படித்த துறையிலேயே இருக்கிறார். இருவரையும் ஒரே வயதில், இயன்றால் முப்பத்தைந்தில், ஒப்பிடுங்கள்.