30-க்கு 40 மனையில் தொட்டி வீடு

பெங்களூருவில் வீடு கட்டும் நம்மவர்கள் ‘பழைய பாணி’ கேட்டால், எலிவேஷனில் ஒரு மங்கி டாப்பும் (பழைய பெங்களூரு பங்களாக்களின் கூர்முனை மரச் சாய்ப்பு) செட்டிநாட்டுத் தூண் இரண்டும் ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தை உள்ளே போடுங்கள். இந்தப் பக்கத்துத் தொட்டி மனைக்கும் (கன்னடத்தில் தொட்டி என்றால் நடுமுற்றம், மனை என்றால் வீடு) நம் முற்றம் வைத்த வீட்டுக்கும் உயிர் ஒன்றுதான்: நடுவில் வானம். பிளானில் முதல் கோடு அதற்கு விழ வேண்டும். அறைகளைப் போட்டு முடித்து மிச்ச இடத்தில் தொட்டி வைத்தால் அது குழாய் போகும் வெறும் டக்ட் ஆகிவிடும்.

30-க்கு 40 அடி மனையில் செட்பேக் (சுற்றிலும் காலியாக விட வேண்டிய இடம்) போக, தொட்டிக்கு 8-க்கு 8 அடி தாராளமாகக் கிடைக்கும். 5-க்கு 5 என்று குறைக்காதீர்கள். இரண்டு மாடிக்குச் சுவர் 20 அடி எழும்பும். கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் கீழ்த்தளம் இருண்டுவிடும். மேல்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெளிச்சம் இறங்கும். படிக்கட்டையும் குளியலறையையும் மேற்கே தள்ளுங்கள், பிற்பகல் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு அறைக்கும் தொட்டிப் பக்கம் ஒரு ஜன்னல், எதிரே வெளிச்சுவரில் ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் காற்று ஓடாது.

தொட்டியின் மேலே திருட்டுக்கும் குரங்குக்கும் 4 அங்குல இடைவெளியில் இரும்புக் கம்பி போதும். கொசுவலையை அங்கே கட்ட வேண்டாம், இலை சேர்ந்து அடைத்துக்கொள்ளும்; வலை தொட்டி பார்த்த ஜன்னல்களில் இருக்கட்டும். மழைக்குப் பயந்து கண்ணாடி போட்டே ஆக வேண்டுமென்றால், இரண்டடி தூக்கி, நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். மூடிய கண்ணாடி ஏப்ரலில் வீட்டை அடுப்பாக்கிவிடும்.

அதிகம் கெடுவது தண்ணீர் விஷயத்தில்தான். தொட்டித் தரை, கூடத் தரையைவிட 9 அங்குலம் கீழே இருக்க வேண்டும். மேலே சாதரஹள்ளிக் கல் (உள்ளூர் கிரானைட்) பாவி, ஒரு மூலையை நோக்கி 8 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் கொடுங்கள். சுற்றிலும் 3 அடி ஓட்டுச் சாய்ப்பு உள்நோக்கி விழுந்தால், மழை வாங்கும் பரப்பு 14-க்கு 14 அடி, ஏறத்தாழ 18 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டினால் நிமிடத்துக்கு 30 லிட்டர். 4 அங்குலக் குழாய்க்கு இது சாதாரணம். ஆனால் ஒரு மாவிலை வாயை மூடினால் தொட்டி முக்கால் மணி நேரத்தில் நிரம்பிக் கூடத்துக்குள் வரும். அதனால் கூடத் தரைக்கு 2 அங்குலம் கீழே இரண்டாவது குழாய் ஒன்று தனியாக வெளியே போகட்டும். இரண்டையும் சாக்கடை லைனில் சேர்க்கவே கூடாது. பெருமழையில் கழிவு எதிர்த்து ஏறி முற்றத்தில் நிற்கும். முதல் குழாயை வடிகட்டி வழியாகச் சம்ப்புக்கு (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) விடுங்கள். ஊரின் ஆண்டு மழை சுமார் 970 மி.மீ.; சேதாரம் போக இந்தச் சிறு பரப்பிலேயே 14,000 லிட்டர் கிடைக்கும்.

சாய்ப்புக்கு மங்களூர் ஓடு போடும்போது 3 அடி கிடைநீளத்துக்கு 1 அடி 9 அங்குல ஏற்றம் வையுங்கள். கான்கிரீட் சரிவின்மேல் சிமென்ட் வைத்து ஓட்டை ஒட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது வேண்டாம்: அடியில் காற்று போகாது, உடைந்த ஓட்டை மாற்றவும் முடியாது. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அடுக்குங்கள். ரீப்பர் இடைவெளியை, வாங்கிய ஓட்டைத் தரையில் அடுக்கி அளந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

சுவருக்கு, 1974-ல் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய, கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கான அஸ்த்ரா குழு வளர்த்தெடுத்த அழுத்திய மண்கல் இந்த ஊர்ச் செம்மண்ணுக்கு நன்றாகப் பொருந்தும். களி அதிகமென்றால் மணல் சேர்த்து, 7 சதவீத அளவில் சிமென்ட் கலந்து, 3 வாரம் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். வாங்கும் லோடில் இரண்டு கல்லை இரண்டு நாள் தண்ணீரில் போடுங்கள். ஓரம் கரைந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். பேஸ்மட்டத்தைச் சைஸ் கல்லில் (அளவாகச் செதுக்கிய கருங்கல்) 2 அடி உயர்த்துங்கள். பூசாமல் விடும் சுவரைப் பிறகு கொத்த முடியாது என்பதால், ஸ்விட்ச் இடங்களைக் கல் வைக்கும் முன்பே குறித்துவிட வேண்டும்.

தரைக்கு ரெட் ஆக்சைடு. வேலை தெரிந்த மேஸ்திரி கிடைப்பது கடினம், கிடைத்தால் அவசரப்படுத்தாதீர்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 5 கிலோவுக்கு மேல் ஆக்சைடு வேண்டாம். ஓர் அறைக்குத் தேவையான முழுவதையும் ஒரே தடவையில் உலர்வாகக் கலந்து சலித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கலவையும் ஒரு நிறமாகத் தெரியும். அடியில் 1 பங்கு சிமென்ட்டுக்கு 4 பங்கு மணல் கலவை, 1 அங்குலம். அது ஈரமாக இருக்கும்போதே மேல்பூச்சு விழ வேண்டும். காய்ந்த தரையில் போட்டால் தட்டும்போது ‘டொப் டொப்’ என்று பொள்ளல் சத்தம் கேட்கும், சில மாதத்தில் பெயரும். 4-க்கு 4 அடிக் கட்டங்களாகக் கண்ணாடிப் பட்டி வைத்துப் பிரித்தால் விரிசல் பட்டியோடு நிற்கும். பளபளப்பு வரும்வரை இரும்புக் கரணையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அதுவே ஒருவருக்கு முழுநாள் வேலை. மறுநாள் முதல் 7 நாள் தண்ணீர் கட்டுங்கள். அதற்குள் அந்த அறையில் பெயின்டர், ஆசாரி யாரையும் விடாதீர்கள். சாரக்கால் ஒன்று கீறினாலும் அந்தக் கட்டம் முழுவதையும் எடுத்துத்தான் திரும்பப் போட முடியும், பழைய நிறமும் அப்படியே வராது.