கருத்தடை பற்றிய கத்தோலிக்கப் போதனை: நாம் விடும் பிழைகள்

திருகோணமலைப் பங்குகளில் திருமண ஆயத்த வகுப்புக்கு வருகிறவர்களிடம் கருத்தடை பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "கூடாதாம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எது கூடாது, ஏன் கூடாது, எதற்கு இடமுண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பாலையூற்று மாதாவிடம் நேர்த்தி வைக்கிற அதே பெண்கள்தான் கிளினிக்கில் மிட்வைஃப் கேட்கும் கேள்விக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அரைகுறையாகக் கேட்டதை நம்பி அவர்கள் நோயையும் குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமப்பது எனக்கு மிகவும் நோகிறது.

எல்லாப் பிழைக்கும் வேர், "செயற்கையானது, அதனால் பாவம்" என்ற எண்ணம். அப்படிப் பார்த்தால் காய்ச்சல் குளிசையும் சிசேரியனும்கூடப் பாவமாகிவிடும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூலை 25 திகதியிட்டு எழுதிய ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடல் சொல்லும் காரணம் வேறு. கணவன் மனைவி உறவு இருவரையும் ஒன்றாக்குகிறது, புதிய உயிருக்கும் இடம் கொடுக்கிறது. இந்த இரண்டையும் கடவுளே சேர்த்துவைத்தார், மனிதர் தம் விருப்பப்படி பிரிக்கக் கூடாது என்கிறது அந்த மடல். இது விளங்காததால்தான் கணவன் கடைசி நேரத்தில் விலகிக்கொள்வதை "இயற்கை முறை" என்று பலர் நம்புகிறார்கள். அதில் குளிசை இல்லை, ஊசி இல்லை. ஆனாலும் திருச்சபையின் பார்வையில் அது கருத்தடைதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. அளவுக்கு மிஞ்சிய இரத்தப்போக்குக்கோ எண்டோமெட்ரியோசிஸுக்கோ (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளர்ந்து வலி தரும் நோய்) டொக்டர் ஹோர்மோன் குளிசை எழுதித் தருவார். அது கருத்தடைக் குளிசை என்று யாரோ சொல்லிவிட, பாவம் என்று பயந்து அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டு மாதாமாதம் வேதனைப்படுகிறவர்கள் உண்டு. அதே சுற்றுமடலின் 15ஆம் பத்தி இதற்குத் தெளிவாகப் பதில் தருகிறது: நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சை கருத்தரிப்பைத் தடுக்கும் என்று முன்பே தெரிந்தாலும், அந்தத் தடுப்பே நோக்கமாக இல்லாதவரை அதைச் செய்யலாம். புற்றுநோய் வந்த கருப்பையை அகற்றுவதும் இப்படித்தான். ஆகவே தயவுசெய்து மருந்தைக் குடியுங்கள்.

எல்.ஆர்.ரி., அதாவது இனிப் பிள்ளை வராதபடி கருக்குழாயைக் கட்டும் சத்திரசிகிச்சை, இதிலிருந்து வேறுபட்டது. இரண்டாவது, மூன்றாவது சிசேரியனின்போது "அதையும் சேர்த்துச் செய்துவிடுவோமா?" என்று கேட்கப்படுவதுண்டு. அடுத்த கர்ப்பம் ஆபத்தாகலாம் என்பதற்காகக் குழாயைக் கட்டுவதும் நேரடியான மலடாக்கம் என்பதே திருச்சபையின் நிலைப்பாடு. குழாயில் நோய் எதுவும் இல்லை, கருத்தரிப்பைத் தடுப்பதற்காகவே அது கட்டப்படுகிறது என்பது அதன் வாதம். ஒரு தாய்க்கு இது எவ்வளவு கடினமான வார்த்தை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சத்திரசிகிச்சைக் கூடத்து வாசலில் அவசரமாக முடிவெடுக்க வைக்கும் விஷயமல்ல இது. வயிற்றில் பிள்ளை வளரும் மாதங்களிலேயே இருவரும் டொக்டரோடும் பங்குச் சுவாமியோடும் பேசிவிடுங்கள்.

"கடவுள் தருகிற பிள்ளைகளை எல்லாம் பெறவேண்டும்" என்று திருச்சபை சொல்வதாக நினைப்பதும் பிழை. உடல்நலம், பொருளாதாரம், குடும்பச் சூழல் போன்ற தகுந்த காரணங்கள் இருந்தால் அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடத் தம்பதிகள் தீர்மானிக்கலாம். நாளாந்தம் கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பம் அப்படி யோசிப்பது விசுவாசக் குறைவு ஆகாது. 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும்போது, நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல்களைப் போலப் பெறவேண்டும் என்பதில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸே சொன்னார்.

சரி, எப்படித் தள்ளிப்போடுவது? இங்கே கலண்டரில் நாள் எண்ணினால் போதும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். மாதவிடாய்ச் சுற்று எப்போதும் ஒரே சீராக வராது. 1950களில் மெல்பர்னில் டொக்டர் ஜோன் பில்லிங்ஸ் தொடங்கிய முறை, கருப்பை வாயிலிருந்து வரும் சளியின் மாற்றத்தை நாள்தோறும் கவனித்து வளமான நாட்களை, அதாவது கருத்தரிக்கக்கூடிய நாட்களை, அறிந்து அப்போது உறவைத் தவிர்ப்பது. பயிற்சி பெற்ற ஒருவரிடம் சில மாதங்கள் இருந்து படிக்கவேண்டும். பிள்ளை பெற்ற புதிதில் தாய்ப்பாலும் உதவும். ஆனால் குழந்தைக்கு 6 மாதம் ஆகாமலிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும், மாதவிடாய் திரும்ப வந்திருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு 2 சதவீதம் அளவுதான். ஒன்று தவறினாலும் அதை நம்பவேண்டாம்.

அப்புறம், கணவன்மார் காதில் கட்டாயம் விழவேண்டியது ஒன்று. "திருச்சபை கூடாது என்கிறது" என்று சொல்லி மனைவியை ஊசி போடவும் விடாமல், வளமான நாட்களில் பொறுத்திருக்கவும் மறுப்பவர் போதனையின் பாதியை மட்டும் தனக்கு வசதியாக எடுத்துக்கொள்கிறார். மனைவியின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பாராமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்பின் செயல் அல்ல என்கிறது அதே சுற்றுமடலின் 13ஆம் பத்தி. இது ஏன் வகுப்புகளில் இவ்வளவு மெதுவாகச் சொல்லப்படுகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

கணவனும் மனைவியும் வெவ்வேறு மதத்தவராக இருக்கும் கலப்புத் திருமணங்கள் நிறைந்த ஊர் நம்முடையது. மனைவி விரும்பாதபோதும் கணவன் ஆணுறைதான் வேண்டும் என்று நின்றால், குற்றம் முழுவதும் தன்மேல் என்று அவள் எண்ணத் தேவையில்லை. இந்த நிலைமையை 1997இல் வத்திக்கான் வெளியிட்ட பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கான கையேடு தனியாகவே எடுத்துப் பேசுகிறது. சுவாமியிடம் மனம்விட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, முன்பு ஊசி போட்டவர்களும் எல்.ஆர்.ரி. செய்தவர்களும் தங்களைத் திருச்சபை விலக்கிவிட்டதாக நினைத்து ஆண்டுக்கணக்காக நற்கருணைக்கு எழும்பாமல் இருப்பது. திருச்சபைச் சட்டத்தில் விலக்கல் தண்டனை உள்ளது கருக்கலைப்புக்கு, கருத்தடைக்கு அல்ல. மனஸ்தாபத்தோடு பாவசங்கீர்த்தனம் செய்தால் மன்னிப்பு உண்டு. மன்னிக்கப்பட்டதை ஒவ்வொரு தவக்காலத்திலும் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கட்டிய குழாயை மறுபடி சத்திரசிகிச்சை செய்து அவிழ்த்தாக வேண்டும் என்று திருச்சபை யாரிடமும் கேட்பதில்லை.