பேப்பரைப் பார்த்தீர்கள், தாயைப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்பவானி வாய்க்கால் கரையில் ஓடி முடித்துவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். எங்களோடு புதிதாக ஓட வரும் தம்பி ஒருவர், பெருந்துறை சிப்காட்டில் வேலை, போனை எடுத்து நீட்டினார். மஞ்சள் லேப்ரடார் குட்டி. கழுத்தில் சிவப்பு ரிப்பன்.

"அட்வான்ஸ் போட்டுட்டனுங்ணா. முப்பத்தஞ்சு நாள் குட்டி. வம்சாவழி பேப்பர் இருக்குது. ஹெவி போனாம், எலும்பு நல்லா தடிமனாம். ஆறு மாசத்துல நம்மகூட பத்து கிலோமீட்டர் ஓடுமல்லங்ணா?"

எனக்கு இளநீர் தொண்டையில் நின்றுவிட்டது. என் முதல் நாயை வாங்கியபோது நான் செய்த தப்புகள் எல்லாவற்றையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

தடுப்பூசி, உண்ணி, வெங்காயம் கொடுக்காதே, சாக்லேட் கொடுக்காதே என்பதெல்லாம் இங்கே இல்லை. அதை எந்தக் கால்நடை மருத்துவரும் முதல் நாளே சொல்லிவிடுவார். ஓடுகிற, சைக்கிள் மிதிக்கிற, மலை ஏறுகிற ஆள் ஒருவர், கூடவே வரக்கூடிய பெரிய, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிற சாதி நாய் ஒன்றை வாங்கும்போது எங்கே சறுக்குகிறார் என்பது மட்டும்.

பேப்பரை நம்பித் தாயைப் பார்க்காமல் விடுவது

எங்கள் அப்பாரு கண்ணபுரம் சந்தையில் மாடு பிடிப்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்து பல் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டு, பின்னால் நின்று, பின்கால் எடுத்து வைக்கிற விதத்தை ரொம்ப நேரம் பார்ப்பார். அப்புறம்தான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவது. அவருடைய பேரன் நான், ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டு முழுத்தொகையையும் அனுப்பினேன்.

குட்டியை வாங்கப் போன இடத்தில் ஷெல்ஃப் நிறையக் கோப்பைகள். குட்டிக்குக் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பேப்பர் வேறு. தாய் எங்கே என்று கேட்டேன். "தோட்டத்துல இருக்குதுங்க" என்றார்கள். அந்தத் தோட்டம் எங்கே என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் இதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று பெண் பார்க்கப் போகும்போது பேசுகிற ஊர் இது.

சூரன் என்று பேர் வைத்தோம். ஒன்பதாம் மாதம் மாடிப்படி ஏறும்போது இரண்டு பின்கால்களையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தாவினான். வீட்டில் எல்லோரும் சிரித்தோம், வீடியோகூட எடுத்தோம். காலையில் எழுந்திருக்கும்போது முன்காலை ஊன்றி உடம்பை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் பந்து கிண்ணத்துக்குள் உட்கார வேண்டும். "கிண்ணமா இருக்க வேண்டியது தட்டா இருக்குதுங்க, ரெண்டு பக்கமும்" என்றார். ஹிப் டிஸ்ப்ளேசியா, இடுப்பு மூட்டு சரியாக அமையாத கோளாறு. ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் ஆன செலவு குட்டியின் விலையைப் போலப் பல மடங்கு. சூரன் பதினொரு வயது வரை இருந்தான். ஒருநாளும் என்னோடு ஓடவில்லை. நான் ஷூ மாட்டினால் கேட் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்வான்.

இது பெரும்பாலும் வம்சாவழியாக வருகிற கோளாறு. பெரிய இனங்களில் அதிகம். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு எதுவும் விலக்கல்ல. பேப்பர் சொல்வது அப்பன் யார், ஆத்தாள் யார் என்பதை மட்டும். அவற்றின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று அதில் இருக்காது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். பிரிட்டனில் ஒரு பக்கத்துக்கு 53 வரை, இரண்டும் சேர்த்து 106 வரை புள்ளி போடுகிறார்கள். குறையக் குறைய நல்லது. ஐரோப்பாவில் ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் நாய்க்கு 24 மாதம் ஆன பிறகுதான் இடுப்புக்கு இறுதிச் சான்று. தாய் தகப்பன் இரண்டும் தேறினாலும் குட்டிக்கு வராது என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் வாய்ப்பு நன்றாகவே குறையும்.

ஓடுகிறவர்கள் லேப்ரடார் விஷயத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஐந்து முதல் இருபது நிமிடம் கடுமையாக ஓடினால் பின்கால் துவண்டு விழுந்துவிடுகிற பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் இ.ஐ.சி. அதற்குக் காரணமான மரபணுவை 2008-இல் கண்டுபிடித்துவிட்டார்கள், டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது.

சரி, நம் பக்கத்தில் எக்ஸ்ரேவைக் கேட்டால் பாதிப் பேர் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்போது அப்பாரு வழிதான். தாய்க்கு இரண்டு வயது முடிந்திருக்க வேண்டும். அதை நடக்கவிட்டு, மெல்ல ஓடவிட்டு, பின்னால் நின்று பாருங்கள். இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுகிறதா? முந்தின ஈத்துக் குட்டிகளை வாங்கிய இரண்டு பேரின் போன் நம்பரைக் கேளுங்கள். அந்தக் குட்டிகளுக்கு இப்போது இரண்டு மூன்று வயது ஆகியிருக்கும், நேரில் போய்ப் பாருங்கள். தாய் புது ஆளைக் கண்டால் வாலாட்டுகிறதா, ஒதுங்கிப் பதுங்குகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். எல்லோரிடமும் பழகுகிற குணம் பாதி தாயிடமிருந்து வருவது. நம்பர் தர மறுத்தால் வண்டியைத் திருப்புங்கள்.

முப்பத்தைந்து நாள் குட்டியை யாரும் விற்கவே கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதியே இருக்கிறது. தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கிற அந்தக் கடைசி வாரங்களில்தான் கடியை அளவாகக் கடிக்கப் பழகும்.

'ஹெவி போன்' மயக்கம்

பெரிய மண்டை, தடித்த கால், அகன்ற மார்பு. கண்காட்சிக்கு நன்றாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது பத்து கிலோமீட்டர் வரக்கூடிய உடம்பு. வளர்ந்த ஆண் லேப்ரடார் 29 முதல் 36 கிலோ இருந்தால் போதும். நம் தெருக்களில் 45 கிலோ லேப்ரடாரைப் பார்த்து "நல்லா வளத்திருக்கீங்க" என்கிறார்கள். அது வளர்ப்பு இல்லைங்க, கொழுப்பு.

லேப்ரடாருக்குப் பசி அடங்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்த சேதியை மூளைக்குச் சொல்கிற மரபணு ஒன்றில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தார்கள். அது கெஞ்சுகிற கண்ணைப் பார்த்து இன்னொரு இட்லி போடாதீர்கள். 48 லேப்ரடார்களைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகச் சோறு வைத்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு உண்டு. குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது.

ஆறு மாதக் குட்டியை ஓட்டத்துக்குக் கூட்டிப் போவது

பெரிய இனங்களில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு நீள்கிற முனைப்பகுதிகள், மூட 12 முதல் 18 மாதம் ஆகும். அதுவரை தார் ரோட்டில் கயிறு பிடித்து ஒரே வேகத்தில் ஓடவைக்காதீர்கள். அதற்காகக் கூண்டில் அடைத்து வைக்கவும் வேண்டாம். நார்வேயில் நான்கு பெரிய இனங்களை வைத்துச் செய்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகம் வந்தது. கயிறில்லாமல் மண்ணில் இஷ்டத்துக்கு விளையாடியவற்றுக்குக் குறைந்தது. தோட்டம் இருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தென்னந்தோப்பில் அவிழ்த்துவிட்டால் அதுவே ஓடும், அதுவே படுத்துக்கொள்ளும்.

கால்சியம் சிரப்

ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிக்கான நல்ல தீவனம் போட்டால் அதிலேயே இருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் எலும்பு கோணும்.

வெயிலை மறந்துவிட்டு இனத்தைத் தேர்வது

கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு. கரூர் பரமத்தியில் இருக்கிறவருக்குப் பங்குனியில் மனுஷனே ஓட முடியாது. கோல்டன் ரெட்ரீவர் ஸ்காட்லாந்தில் உருவான நாய். குணத்தில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் உடம்பில் உள்ளே ஓர் அடுக்கு, வெளியே ஓர் அடுக்கு என்று இரட்டை ரோமம். அதை வாங்கினால் விடிவதற்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டும். லேப்ரடாருக்கும் இரட்டை ரோமம்தான், குட்டையானது என்பதால் கொஞ்சம் பரவாயில்லை. பாக்ஸர் சுறுசுறுப்பான, பாசமான நாய். மூக்கு சப்பை என்பதால் நம் ஊர் வெயிலில் அதோடு ஓடுவது விபரீதம்.

நாள்தோறும் நிஜமாகவே ஓடுகிறவருக்கு நான் டால்மேஷனையும் சொல்வேன். குதிரை வண்டிக்குப் பக்கத்தில் மைல் கணக்கில் ஓடிய இனம், குட்டை ரோமம். லேப்ரடார் அளவுக்கு ஊரோடு ஒட்டாது. பிறவிச் செவிடு இந்த இனத்தில் அதிகம். குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் அதில் தெரியாது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஹஸ்கி? பனி நாட்டு நாய். வேண்டாம்.

காவலுக்கும் ஆச்சு என்று வாங்குவது

என் இரண்டாவது லேப்ரடார், தேங்காய் திருட வந்தவனுக்கு வழி காட்டியது.

தண்ணீர் ஓடும்போது வாய்க்காலில் இறக்குவது

கரைச் சரிவில் நாயால் திரும்ப ஏற முடியாது. குளம்தான் நல்லது.

---

தம்பி அட்வான்ஸை விட்டுவிட்டார். நேற்று பல்லடம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்து போன் செய்தார்.

"தாய் வந்ததும் ரெண்டு காலையும் எம்மேல போட்டு மூஞ்சிய நக்கிருச்சுங்ணா. நடையும் நல்லா இருக்குது."

"எக்ஸ்ரே கேட்டீங்களா?"

"கேட்டனுங்ணா. அதுக்கப்புறம் குடிக்கக் காப்பி போடறேன்னவங்க போடல."