மடக்குத் தொட்டில் வாங்குவது எப்படி? முதல்முறை பெற்றோருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் 'பிளேயார்டு' என்றும், கிராகோ நிறுவனத்தின் பொருட்பெயரை ஒட்டிப் பேச்சுவழக்கில் 'பேக் அண்ட் பிளே' என்றும் சொல்லப்படும் மடக்குத் தொட்டில், உலோகச் சட்டமும் நான்கு புற வலையும் மெல்லிய மெத்தையும் கொண்டது. பின்னாளில் குழந்தை அதில் விளையாடும் என்றாலும், பிறந்தவுடன் அதில் செய்யப்போவது தூங்குவது மட்டுமே. ஆகவே தூங்கும் இடமாக அது தகுமா என்று பார்த்துவிட்டு, பொம்மைத் தொங்கலையும் பாட்டுப் பெட்டியையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: இடத்தை அளந்துகொள்ளுங்கள்

குழந்தை குறைந்தது முதல் 6 மாதங்களாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி பரிந்துரைக்கிறது. வழக்கமான அளவுள்ள மடக்குத் தொட்டில் ஏறத்தாழ 40 அங்குல நீளமும் 28 அங்குல அகலமும் இருக்கும். உங்கள் கட்டிலருகே அது நின்ற பிறகு இரவில் நடக்க வழி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சன்னல் திரையின் கயிறும் மின்கம்பியும் எட்டும் தொலைவில் தொட்டிலைப் போடக் கூடாது.

படி 2: எந்தப் பாதுகாப்பு விதிக்கு உட்பட்டது என்று பாருங்கள்

1998ஆம் ஆண்டு சிகாகோவில், குழந்தைப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த டேனி கைசர் என்ற 16 மாதக் குழந்தை, மடக்குத் தொட்டிலின் மேல் சட்டம் நடுவில் மடிந்து கழுத்தை நெரித்ததால் உயிரிழந்தான். அந்த வகைத் தொட்டில் 1993ஆம் ஆண்டிலேயே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. அச்செய்தி அந்த இல்லத்திற்கு எட்டவில்லை. மேல் சட்டம் உள்நோக்கி மடியாதிருப்பதையும், பூட்டுகளின் உறுதியையும், குழந்தை அடித்தளத்திற்குக் கீழே சிக்காதிருப்பதையும் சோதிக்கும் கட்டாய விதி, பிளேயார்டுகளுக்கு 2013 பிப்ரவரி 28 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே பொருளின் மீது ஒட்டப்பட்டுள்ள தயாரிப்பு தேதியையும் மாடல் எண்ணையும் முதலில் படியுங்கள். பிறகு அந்த எண்ணை அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் (CPSC) இணையதளத்தில் இட்டு, திரும்பப் பெறப்பட்ட பொருட்களின் பட்டியலில் அது உள்ளதா என்று தேடுங்கள்.

உறவினர் அன்பளிப்பாகக் கொடுக்கும் பழைய தொட்டிலுக்கும் இது பொருந்தும். 2013க்கு முந்தையது என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுவதே சரி என்பது என் கருத்து. புதியதாக இருந்தாலும் வலையில் கிழிசலோ, தளர்ந்த பூட்டோ, காணாமல் போன பாகமோ இருந்தால் அதை ஏற்க வேண்டாம்.

படி 3: கடையிலேயே விரித்து மடித்துப் பாருங்கள்

காட்சிக்கு வைத்திருக்கும் தொட்டிலை விற்பனையாளர் அல்ல, நீங்களே விரிக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் முதலில் நான்கு மேல் சட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பூட்டிய பிறகே, அடித்தளத்தின் நடுப்பகுதியைக் கீழே அழுத்த வேண்டும். தளத்தை முதலில் அழுத்திவிட்டால் சட்டங்கள் பூட்டிக்கொள்ளாமல் சண்டித்தனம் செய்யும். பூட்டிய பின் ஒவ்வொரு சட்டத்தின் நடுவிலும் கையால் அழுத்திப் பாருங்கள். சிறிதேனும் தாழ்ந்தால் பூட்டு சரியாக விழவில்லை என்று பொருள்.

படி 4: மெத்தையை மாற்றாதீர்கள்

புதிய பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். உடன் வரும் மெத்தை ஏறத்தாழ 1 அங்குலக் கனமே இருப்பதால், தரையைப் போல் கடினமாக இருக்கிறதே என்று மனம் கேட்காமல் தடித்த மெத்தை ஒன்றைத் தனியே வாங்கிப் போடுகிறார்கள். வலைப் பக்கங்கள் நெகிழக்கூடியவை. தடித்த மெத்தைக்கும் வலைக்கும் இடையே உண்டாகும் பையில் குழந்தையின் முகம் புதைந்தால் மூச்சு அடைபடும். மெத்தை உறுதியாகவும் சமதளமாகவும் இருப்பது குழந்தைக்குப் பாதுகாப்பு. அது பெரியவர்களின் கண்ணுக்குத்தான் வசதிக்குறைவாகத் தெரிகிறது. மெத்தைக்குப் பொருந்திய இறுக்கமான விரிப்பு ஒன்றைத் தவிர உள்ளே எதுவும் வேண்டியதில்லை. போர்வையும், பஞ்சு பொம்மையும், பக்கவாட்டு அணைப்பும், ஊரிலிருந்து வரும் பாட்டி ஆசையாகத் தைத்துக் கொண்டுவரும் கடுகுத் தலையணையும் தொட்டிலுக்கு வெளியே இருக்கட்டும். பாட்டியிடம் இதைச் சொல்வதுதான் இந்த விளக்கத்திலேயே கடினமான படி. குழந்தையை ஒவ்வொரு முறையும் மல்லாந்த நிலையிலேயே படுக்க வைக்க வேண்டும்.

படி 5: மேல்தட்டின் வரம்பை அறிந்துகொள்ளுங்கள்

பல மாடல்களில் மேலே மாட்டும் 'பாசினெட்' தட்டு ஒன்று வரும். பிரசவத்திற்குப் பின் குனிந்து எடுக்க முடியாத தாய்க்கு அது உண்மையிலேயே உதவும். அதன் எடை வரம்பு பெரும்பாலும் 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6.8 கிலோ, ஆனால் எடை எட்டாவிட்டாலும், குழந்தை கையை ஊன்றி எழும்பத் தொடங்கிய நாளே அதைக் கழற்றிவிட வேண்டும். தலைப்பக்கம் சரிவாக உயர்ந்திருக்கும் இணைப்புகளை வாங்க வேண்டாம்: 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகள் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டுவிட்டன. தொட்டிலின் கீழ்த்தளத்திற்குப் பொதுவாக 30 பவுண்டு எடை அல்லது 35 அங்குல உயரம் வரம்பாகும். குழந்தை ஏறி வெளியே குதிக்கத் தெரிந்துகொண்டால், இந்த வரம்பை எட்டாவிட்டாலும் தொட்டிலை நிறுத்திவிட வேண்டும்.

படி 6: தொட்டிலின் எடையைப் பாருங்கள்

அடிக்கடி பயணம் செய்வோருக்கு 6 கிலோ அளவிலான இலகுவகைத் தொட்டில்கள் உண்டு, விலைதான் கூடுதல். ஒரே அறையில் நிற்கப்போகும் தொட்டிலுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

படி 7: பதிவு அட்டையை அனுப்புங்கள்

பெட்டிக்குள் அஞ்சல் கட்டணம் செலுத்தப்பட்ட அட்டை ஒன்று இருக்கும். படி 2இல் சொன்ன டேனியின் பெயரால் 2008ஆம் ஆண்டு அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. அதை விளம்பரத் தாள்களோடு குப்பையில் போட்டுவிடாமல் நிரப்பி அனுப்புங்கள், அல்லது இணையத்தில் பதிவு செய்யுங்கள். பொருள் திரும்பப் பெறப்பட்டால் நிறுவனம் உங்களுக்கு நேரடியாகத் தெரிவிக்கும்.