விசுவாசத்துக்குக் காரணம் சொல்லும் முறை: முதற்காரண வாதமும் உயிர்த்தெழுதலின் சான்றுகளும்

கிறிஸ்தவ விசுவாசத்துக்கு நியாயம் கேட்கும் ஒருவருக்குப் பதில் சொல்லத் தொடங்குமுன், அவர் கேட்பது கடவுள் உண்டா என்பதையா, கிறிஸ்து உயிர்த்தெழுந்தாரா என்பதையா என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதற்கேள்வி தத்துவத்துக்குரியது, இரண்டாவது வரலாற்றுக்குரியது. ஏற்கெனவே இறைவனை வணங்கும் ஒரு சைவ நண்பரிடம் உலகத்துக்குக் கர்த்தா உண்டு என்று நெடுநேரம் வாதிடுவது, அவர் கேட்காத கேள்விக்கு விடை சொல்வதாகும். தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு முதல்வன் வேண்டும் என்பதை மெய்கண்டாரின் சிவஞானபோதம் 13-ஆம் நூற்றாண்டில் தன் முதற்சூத்திரத்திலேயே நிறுவ முற்படுகிறது. அத்தகையவரிடம் நேராக வரலாற்றுக்குச் செல்லுங்கள். கடவுளையே மறுப்பவரிடம்தான் முதற்காரண வாதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வாதத்தின் எளிய வடிவத்தை, 1111-இல் மறைந்த இஸ்லாமிய அறிஞர் கஸாலி வகுத்தளித்தார்: தோன்றும் எதற்கும் காரணம் உண்டு, பிரபஞ்சம் தோன்றியது, ஆகவே பிரபஞ்சத்துக்கும் காரணம் உண்டு. பலர் முதல் வாக்கியத்தையே தவறவிடுகிறார்கள். “எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு” என்று சொல்லிவிட்டால், “அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்?” என்ற கேள்வி உடனே எழும், அது நியாயமான கேள்வியும்கூட. தோற்றம் உடையவற்றுக்கே காரணம் தேவை என்று தொடக்கத்திலேயே திருத்தமாகச் சொல்லுங்கள்.

இரண்டாம் வாக்கியத்துக்குப் பெருவெடிப்புக் கொள்கையைத் துணைக்கு அழைப்போர் நிதானிக்க வேண்டும். பிரபஞ்சம் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட ஒரு நிலையிலிருந்து விரிந்தது என்பதை அறிவியல் காட்டுகிறது. அதற்கு முன் ஒன்றுமே இல்லை என்பதை அது இன்னும் காட்டவில்லை. அக்கொள்கைக்கு அடித்தளமிட்ட ஜார்ஜ் லெமைத்ரே கத்தோலிக்கக் குருவாக இருந்தும், அதை இறையியலுக்குச் சான்றாக்குவதை விரும்பவில்லை. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் மட்டும் நிரூபிக்க முடியாது என்று 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் கருதினார். அதனால் அவர் வேறொரு வழியையும் வைத்தார்: இருக்கவும் இல்லாமற்போகவும் கூடிய பொருள்கள் மட்டுமே உள்ளன என்றால், எதுவும் இருப்பதற்கு விளக்கமே கிடைக்காது, ஆகவே இருந்தே தீரவேண்டிய ஒன்று இருக்க வேண்டும். பிரபஞ்சம் என்றென்றும் இருந்துவருகிறது என்று சொல்பவரிடமும் இவ்வாதம் நிற்கும் என்பதால், நான் இதையே வலிமையானதாக மதிக்கிறேன். 11-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் ஆன்செல்ம் முன்வைத்த, கடவுள் என்ற கருத்திலிருந்தே கடவுளின் இருப்பை நிறுவும் வாதம் ஆழமானது. ஆயினும் பொது உரையாடலில் அது ஐயத்தைத் தீர்ப்பதைவிட வளர்க்கவே செய்யும்.

இவ்வாதங்கள் வெற்றிபெற்றாலும் கஸாலியும் மெய்கண்டாரும் அக்குவினாஸும் பொதுவாக ஏற்கும் ஒரு முதற்காரணம் வரைதான் நம்மைக் கொண்டுசேர்க்கும். அதற்கு அப்பால் வரலாறே பேச வேண்டும்.

வரலாற்றில், மறுப்பவரும் ஒப்புக்கொள்ளும் இடத்திலிருந்து தொடங்குங்கள். கி.பி. 64-இல் ரோமாபுரியில் பற்றிய தீயைப் பற்றி எழுதும்போது, பேரரசன் திபேரியுவின் ஆட்சியில் ஆளுநர் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து மரண தண்டனைக்கு உள்ளாக்கப்பட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். அவர் கிறிஸ்தவத்தைக் கேடான மூடநம்பிக்கையாகக் கருதியவர். ஆதலால் அவரது சாட்சியத்துக்கு மதிப்பு கூடுகிறது.

யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸை மேற்கோள் காட்டும்போது இன்னும் கவனம் தேவை. யூதரின் பழங்கால வரலாற்றைக் கூறும் அவருடைய நூலின் 18-ஆம் புத்தகத்தில் இயேசுவைப் பற்றிய பத்தி, அவரே கிறிஸ்து என்றும் மூன்றாம் நாளில் உயிரோடு தோன்றினார் என்றும் அறிக்கையிடுகிறது. ஆனால் ஜோசப்பஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று 3-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதுகிறார். ஆகவே அவ்வரிகள் பிற்காலக் கிறிஸ்தவர் சேர்த்தவை என்றும், அடிப்படைக் குறிப்பு ஜோசப்பஸுடையதே என்றும் ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். பத்தி முழுவதையும் அப்படியே வாசித்துக் காட்டுவது நேர்மையாகாது. அதற்குப் பதில் 20-ஆம் புத்தகத்தில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரனாகிய யாக்கோபு கொல்லப்பட்டதைப் பற்றிய சுருக்கமான குறிப்பை எடுத்துக்காட்டுங்கள். அதன் நம்பகத்தை மறுப்போர் மிகச் சிலரே.

உயிர்த்தெழுதலுக்கான முதன்மைச் சான்று 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஏறத்தாழ கி.பி. 55-இல் அப்போஸ்தலர் பவுல் இக்கடிதத்தை எழுதினார். சிலுவை மரணத்துக்கும் இதற்கும் இடையே கால்நூற்றாண்டே இருந்தது. “நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்” என்று தொடங்கி, கேபா (பேதுருவின் மறுபெயர்), பன்னிருவர், ஐந்நூறுபேருக்கு அதிகமானோர், யாக்கோபு எனக் கண்டவர்களை வரிசைப்படுத்துகிறார். அந்த ஐந்நூறுபேரில் அநேகர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் சொல்கிறார். இதை வாசித்தபின் பவுலின் மற்றொரு கடிதமாகிய கலாத்தியரின் முதல் அதிகாரத்தைத் திறவுங்கள். எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதையும் யாக்கோபைக் கண்டதையும் பவுல் அங்கே கூறுகிறார். பட்டியலில் உள்ள இருவரை அவர் நேரில் அறிந்திருந்தார் என்பதால், இது பல தலைமுறை கடந்து உருவான கதை என்ற விளக்கம் வலுவிழக்கிறது. வெறுமையான கல்லறையைப் பவுல் வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை; அது சுவிசேஷங்களில் வருகிறது, அதைப் பற்றிய கருத்து வேறுபாடும் அதிகம். மாற்கு 16:9-20-ஐயும் சான்றாக வைக்காதீர்கள். சினாய், வத்திக்கான் ஆகிய பழம்பெரும் கையெழுத்துப் பிரதிகளில் அவ்வசனங்கள் இல்லை.

சீஷர்கள் துயரத்தில் கண்டது மனத்தோற்றமே என்ற மாற்று விளக்கத்தை அதன் வலிமையான வடிவத்திலேயே எடுத்துப் பேசுங்கள். துயருற்றவர்கள் இறந்தவரைக் காண்பதுண்டு. ஆனால் சபையைத் துன்புறுத்திவந்த பவுலுக்கு அத்துயரம் இருந்திருக்காது. அவரது மனமாற்றத்துக்கு வேறொரு காரணத்தை அவ்விளக்கம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அற்புதத்தை நிறுவ எந்தச் சாட்சியமும் போதாது என்ற, 18-ஆம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமின் ஆட்சேபத்தைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள். தத்துவ வாதங்கள் மீண்டும் பயன்படும் இடம் இதுதான். உலகத்தைப் படைத்த ஒருவர் உண்டு என்பதற்கு இடமிருந்தால், அவர் உலகில் செயல்படுவதை முன்கூட்டியே விலக்கிவிட முடியாது. அப்போது கேபாவின் சாட்சியத்தையும் யாக்கோபின் சாட்சியத்தையும் மற்ற வரலாற்றுச் சாட்சியங்களைப் போலவே எடைபோட வேண்டும். கேட்பவர் அந்த இடமே இல்லை என்று கருதினால், மேலும் வசனங்களை அடுக்காமல், இருந்தே தீரவேண்டியது எது என்ற முந்தைய கேள்விக்கு அவரோடு திரும்பிச் செல்லுங்கள்.