ஊர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று தேடுவது எப்படி?

போன வருடம் தங்கையின் கல்லூரி ஆய்வுக்காக, அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் குடும்ப நிலம் கைமாறிய கதையைத் தேடினோம். அதில் கற்றது இது.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். 'திருநெல்வேலி வரலாறு' என்று தேடினால் கரை காண முடியாது. '1908 மார்ச் 13 அன்று நெல்லையில் என்ன நடந்தது' என்றால் தேடலாம்.

அடுத்து, முதன்மைச் சான்று எது? நாம் கேட்கும் காலத்திலேயே உண்டான பதிவு, அல்லது நேரில் கண்டவர் சொன்னது. பழைய புத்தகமெல்லாம் முதன்மைச் சான்று ஆகாது. கேள்விதான் அதை முடிவு செய்யும். பாதிரியார் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனைப் பற்றி அவர் சொல்வது இரண்டாம் நிலைதான், பிறர் சொன்னதை வைத்து எழுதியது. கால்டுவெல் பிறந்ததே 1814இல். ஆனால் 'அந்தக் காலத்துப் பாதிரியார் நம் சீமையை எப்படிப் பார்த்தார்' என்று கேட்டால், அதே புத்தகம் முதன்மைச் சான்று.

தேடலை வீட்டிலேயே தொடங்குங்கள். எங்களுக்கு ஆச்சியின் டிரங்குப் பெட்டியில்தான் கிரயப் பத்திரம் கிடைத்தது. கல்வெட்டு வேண்டுமென்றால் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' 14ஆம் தொகுதி பாண்டியருக்கு உரியது. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அரசுக் கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். துறைத்தலைவரின் கடிதத்தோடு போங்கள்.

படமெடுக்க ஸ்கேனர் செயலி வேண்டாம். கறுப்பு வெள்ளையாக்கி மங்கிய மையை அழித்துவிடுகிறது. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், சாதாரண கேமராவே போதும்.

சரி, நாங்கள் தடுக்கி விழுந்த இடம் தேதி. பத்திரத்தில் '௲௫௰௵ ஐப்பசி௴' என்றிருந்தது. ௲ ஆயிரம், ௫௰ ஐம்பது. ௵ வருடக்குறி, ௴ மாதக்குறி. ஆக 1050. இது கொல்லம் ஆண்டு, கேரளத்திலும் நம் பக்கத்திலும் வழங்கிய ஆண்டுக் கணக்கு. 825 கூட்டி 1875 என்று எழுதி, ஒரு மாதம் அந்த வருடத்துக் காகிதங்களையே புரட்டினோம். தவறு. நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டு ஆவணி முதல் தேதி பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. எங்கள் பத்திரம் 1874ஆம் ஆண்டுடையது. மாதத்தைப் பார்க்காமல் கூட்டவே கூடாது.

பின்சேர்க்கை: மார்கழிக்கு என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். மார்கழியின் முதல் பாதி டிசம்பரிலும் மறுபாதி ஜனவரியிலும் விழும். அதனால் அந்த மாதத்துக்கு மட்டும் ௳ என்ற நாள்குறிக்கு முன்னுள்ள தேதி எண்ணையும் பார்த்து, பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்ட பிறகே ஆண்டை எழுதுங்கள்.